வயிறு எரியும்போது என்ன சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது

"கேஸ்ட்ரைட்டிஸ்" என்ற சொல் தெரியாத ஆள் கொழும்பில் இல்லை. ஏப்பம் வந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ், நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரைட்டிஸ், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறிக் கோட்டையில் இறங்கும்போது தலை சுற்றினாலும் அதேதான். எங்கள் ஒபிஸில் மத்தியானம் சோத்துப் பார்சலைப் பிரிக்கும்போது "எனக்குச் சம்பல் வேண்டாம், கேஸ்ட்ரைட்டிஸ்" என்று ஒருவராவது சொல்லாத நாள் கிடையாது. ஆனால் அது என்ன, உள்ளே என்ன நடக்கிறது, சாப்பாடு அதில் எவ்வளவு தூரம் உதவும் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். நானும் இரண்டு வருடம் கேட்டதையெல்லாம் செய்துகொண்டு வயிற்றைப் பிடித்தபடி திரிந்தேன். புதிதாக இந்த எரிவில் மாட்டிக்கொண்டவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியதைப் பக்கத்தில் இருந்து கதைப்பது போல எழுதுகிறேன்.

தமிழில் இதை இரைப்பை அழற்சி என்பார்கள். இரைப்பையின் உட்சுவர் சிவந்து, வீங்கி, சில இடங்களில் உரசுப்பட்ட தோல் மாதிரி ஆகிவிடும் நிலை. நம் இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை லீற்றருக்கு மேல் நீர் சுரக்கிறது, அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, பீஎச் அளவில் 1க்கும் 2க்கும் இடையில் வருகிற கடும் புளிப்பு. இறைச்சியையே கரைக்கிற அந்த நீர் இரைப்பையைக் கரைக்காமல் இருப்பது எப்படி? உட்சுவரின் மேல் வழுவழுப்பான ஒரு சளிப்படலம் படிந்திருக்கிறது. அந்தப் படலத்துக்குள் பைகார்பனேட் சுரந்து, சுவரைத் தொடுகிற இடத்தில் அமிலத்தின் கடுமையை அடக்கிவிடுகிறது. சுவரின் மேல்பக்கக் கலங்களும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்திருங்கள். தொந்தரவு நின்றால் தானாகவே ஆறிவிடக்கூடிய உறுப்பு அது. நாம் சாப்பாட்டில் செய்கிற கவனமெல்லாம் அது ஆறுவதற்கு இடம் விடுவதுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயைச் சுடுவது நெஞ்செரிவு, அது வேறு. சுவரில் ஆழமாகக் குழி விழுந்தால் அது அல்சர். வயிறு ஊதி ஏப்பம் விடுவதற்கு அழற்சியே தேவையில்லை, அவசரமாக விழுங்கிய காற்றும் சோடாவும் போதும். எல்லாம் மேல்வயிற்றிலேயே வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிடுகிறோம். அதோடு வலியின் அளவை வைத்து உள்ளே எவ்வளவு காயம் என்று சொல்லவும் முடியாது. 1822ல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டில் வயிற்றில் மூடாத ஒரு துவாரத்தோடு பிழைத்த ஓர் ஆளின் இரைப்பைக்குள், வில்லியம் போமன்ட் என்ற இராணுவ வைத்தியர் வருடக்கணக்காக எட்டிப் பார்த்துக் குறிப்பெழுதினார். நன்றாகக் குடித்த நாட்களுக்குப் பிறகு உட்சுவர் திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கும், ஆனால் அந்த மனிதர் பெரிதாக எந்த வருத்தமும் சொல்ல மாட்டாராம். அவருடைய குறிப்புகள் 1833ல் புத்தகமாக வந்தன. "எனக்கு இப்போது வலி இல்லை, அதனால் எல்லாம் சரி" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குறிப்புத்தான் நினைவுக்கு வரும்.

சரி, படலம் ஏன் பழுதாகிறது? சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் இதைக் கதைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து நேரே "எதைச் சாப்பிடக் கூடாது" என்ற பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

உலகம் முழுக்க முதல் காரணம் ஒரு கிருமி. ஹெலிகோபக்டர் பைலோரி என்று பெயர், சுருள் வடிவம், தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்துக்குள்ளேயே உயிர் வாழக்கூடியது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் 1980களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தபோது பலர் நம்பவில்லை, அவ்வளவு அமிலத்தில் ஒரு கிருமி எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழற்சி இருந்தது. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தக் கிருமி இருந்தால் கஞ்சியும் மோரும் எரிவைக் குறைக்கலாம், கிருமியை விரட்டாது. அதற்கு அன்டிபயோட்டிக் மருந்துகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து வழக்கமாக 10 முதல் 14 நாள் எடுக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்பதை மூச்சிலும் மலத்திலும் செய்கிற பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம், எல்லாருக்கும் குழாய் விடத் தேவையில்லை.

அடுத்தது வலி நிவாரணி. என் கதை இதுதான். முதுகுப் பிடிப்பு என்று ஃபார்மசிக்குப் போனேன், டைக்ளோஃபெனாக் ஒரு கார்ட் கொடுத்தார்கள், சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் பிளேன்ரீயோடு ஒன்று, இரவு ஒன்று. ஒரு கிழமை முடிவதற்குள் விலா எலும்புகள் சேருகிற அந்தக் குழியில் யாரோ தணல் வைத்தது மாதிரி. நான் அதற்குக் கொத்து ரொட்டியைக் குற்றம் சொன்னேன், மாத்திரையை நினைக்கவே இல்லை. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், அஸ்பிரின் எல்லாம் வலியை உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளைத் தடுப்பவை. அதே பொருள்தான் இரைப்பையின் சளிப்படலத்தையும் காப்பாற்றுகிறது. வலியைத் தடுக்கும்போது காவலையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையலாம், ஆனால் மருந்து இரத்தத்தின் வழியாகவும் வேலை செய்வதால் ஆபத்து முழுக்கப் போகாது. சாதாரண தலையிடி, உடம்பு வலிக்கு பனடோல் மாதிரியான பரசிட்டமோல் இரைப்பைக்கு எவ்வளவோ இதம், சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஒரு விஷயம் கவனம்: இதயத்துக்காக டொக்டர் எழுதிய அஸ்பிரினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். வயிறு எரிகிறது என்று அவரிடமே சொல்லுங்கள்.

சாராயம், சிகரெட் இரண்டும் படலத்தைக் கெடுக்கும், அதில் விளக்க ஒன்றும் இல்லை. சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையைத் தாக்கும், அவர்களுக்கு பீ12 விட்டமின் குறைந்து களைப்பு, கை கால் விறைப்பு என்று வேறு பக்கத்தால் தெரியவரும்.

இப்போது சாப்பாடு. 1915ல் சிக்காகோவில் பேர்ட்ராம் சிப்பி என்ற டொக்டர் அல்சர் நோயாளிகளுக்கு மணிக்கு மணி பாலும் கிரீமும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார், பல பத்தாண்டுகள் உலகம் அதைப் பின்பற்றியது. பால் இறங்கும்போது எரிவு தணிவது உண்மை. ஆனால் பாலில் உள்ள புரதமும் கல்சியமும் கொஞ்ச நேரத்தில் அமிலத்தை மறுபடி சுரக்க வைக்கும். அந்த முறை இப்போது வழக்கில் இல்லை. எரியும்போது குளிர்ந்த பால் ஒரு தம்ளர் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து எழுந்து குடித்தால் மூன்று மணிக்கும் எழும்ப வேண்டி வரும். எனக்கு வந்தது.

என் அனுபவத்திலும், பிறகு டொக்டர்கள் சொன்னதிலும், எதைச் சாப்பிடுகிறோம் என்பதற்கு முன்னால் எப்போது, எவ்வளவு என்ற இரண்டும் நிற்கின்றன. கொழும்பில் நம்மில் நிறையப் பேருடைய நாளைப் பாருங்கள். விடிய ஆறரைக்கு வெறும் வயிற்றில் சீனி போட்ட பிளேன்ரீ. வெள்ளவத்தையில் 100ம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காலி வீதி நெரிசலில் நின்றுகொண்டே ஒரு மணித்தியாலம். பத்தரைக்குப் பசி தாங்காமல் ஒரு ரோல்ஸ், இன்னொரு பிளேன்ரீ. மத்தியானச் சோறு மீட்டிங் முடிந்து இரண்டரைக்கு, அதுவும் பத்து நிமிடத்தில். பின்னேரம் மறுபடி தேத்தண்ணி. வீட்டுக்கு வர எட்டு மணி, ஒன்பதரைக்கு அன்றைய நாளின் பெரிய சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. இந்த நாளில் ஒரு மிளகாய் கூட இல்லாமல் செய்துவிட்டாலும் எரிவு போகாது என்பது என் உறுதியான எண்ணம். சாப்பாட்டை நினைத்தாலே, வாசம் பிடித்தாலே இரைப்பை சுரக்கத் தொடங்கும். அது சுரந்து காத்திருக்க, நாம் தேத்தண்ணியை மட்டும் அனுப்புகிறோம், தேயிலையும் கோப்பியும் சுரப்பை இன்னும் கூட்டும். இரவில் நிரம்ப அடைத்துவிட்டுப் படுத்தால் உள்ளே இருப்பது மேலே ஏறப் பார்க்கும்.

ஆகவே முதல் மாற்றம் சமையலறையில் தொடங்கத் தேவையில்லை. எழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதாவது திடமாக, இரண்டு இடியப்பம், ஒரு துண்டு பாண், ஒரு வாழைப்பழம், எதுவானாலும் சரி. தேத்தண்ணி அதற்குப் பிறகு. மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வயிற்றை வெறுமையாக விடாமல், பையில் கிரீம் கிறக்கர் ஒரு பக்கற். மத்தியானம் வழக்கத்தில் முக்கால் பங்கு, மீதியைப் பின்னேரத்துக்கு. இரவுச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னால், அதுவும் சின்னதாக. இதை ஒரு கிழமை செய்தபோதே என் எரிவு பாதியாகக் குறைந்தது, அந்தக் கிழமை சாப்பிட்ட கறிகள் பழைய கறிகள்தான்.

பிறகு கறிகளுக்கு வருவோம். நம் வீட்டுச் சமையலிலேயே இதற்கான மருந்துச் சாப்பாடு முழுக்க இருக்கிறது, வெளிநாட்டு ஓட்ஸைத் தேடி ஓட வேண்டியதில்லை. என் மாமி கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், எனக்கு மோசமாக இருந்த மாதத்தில் அவர் வைத்த சொதியை நான் பக்கத்தில் நின்று பார்த்துப் படித்தேன். சட்டியில் தேங்காயின் இரண்டாம் பால், அரிந்த வெங்காயம், ஒரு கிள்ளு மஞ்சள், அரைக் கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, உப்பு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும் வரைக்கும் மெல்லிய நெருப்பு. வழக்கமாகப் போடும் பச்சை மிளகாயை விட்டுவிட்டார். கடைசியில் முதல் பாலை அரைக் கப் மட்டும் ஊற்றி, கொதிக்க விடாமல் அகப்பையால் தூக்கித் தூக்கி ஊற்றிக்கொண்டே இருந்தார், விட்டால் திரைந்துவிடும். இறக்கின பிறகு தேசிக்காய் பிழிய மறந்துவிட்டாரே என்று நான் கையை நீட்டினேன், "அது உனக்கு இல்லை மோனே, புளி இப்ப வேண்டாம்" என்று வாங்கி வைத்துவிட்டார். இரண்டு இடியப்பத்தில் அந்தச் சொதியை விட்டு, நனைய வைத்து, மெதுவாகச் சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு சாப்பாடு எரியாமல் இறங்கியது அன்றுதான்.

அதில் அவர் செய்த கணக்கைக் கவனியுங்கள். காரம் இல்லை, புளி இல்லை, எண்ணெய்த் தாளிப்பு இல்லை, கட்டிப்பால் கொஞ்சம்தான். கொழுப்பு கூடினால் இரைப்பை காலியாக நேரம் எடுக்கும், அதனால்தான் பொரியலும் கட்டித் தேங்காய்ப்பால் கறியும் வயிற்றில் கல் மாதிரிக் கிடப்பதாகத் தெரிகிறது. அதே கணக்கில் வெள்ளைக்கறி வைக்கலாம்: உருளைக்கிழங்கு, பூசணி, புடலங்காய், பீர்க்கங்காய். பருப்பைக் கரைய அவித்து, மிளகாய் போடாமல். மீனை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, பொரிக்காமல். ரொம்ப மோசமான நாட்களில் குழைந்த சோறு, சோத்துக்கஞ்சி, அவித்த முட்டை. காலையில் நடக்கப் போகிறவர்களுக்காகத் தெருவோரத்தில் விற்கிற கொலகந்தவும் நல்லது, வல்லாரை மாதிரி இலைச்சாறும் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சி சூடாக இறங்கும், வயிற்றையும் நிரப்பும். பிளேன்ரீயை விட முடியாதவர்கள் ஒரு வேளைக்காவது பெலிமல், அதாவது வில்வம் பூ, அவித்த தண்ணீருக்கு மாறிப் பார்க்கலாம், கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க நன்றாகவே இருக்கும், கஃபீன் இல்லை. இஞ்சி கொஞ்சமாகப் போட்டால் குமட்டலுக்கு இதம், உறைக்க உறைக்கப் போட்டால் எரிக்கும்.

மிளகாயைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிளகாய்தான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்பது சரியில்லை, அப்படி என்றால் நம் ஊரில் நல்ல வயிறே இருக்காது. ஆனால் ஏற்கெனவே காயப்பட்ட சுவரில் அது வலியைக் கிளப்பும், பலருக்கு. கட்டச்சம்பல், தேசிக்காய் பிழிந்த பொல் சம்பல், கடைக் கொத்து, ஷோர்ட் ஈட்ஸ் இவற்றை ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள், ஆறின பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். எல்லாரும் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்க விட வேண்டியதில்லை. எனக்கு மிளகாய் திரும்பி வந்தது, அன்னாசி வரவில்லை, வெறும் வயிற்றில் தோடம்பழமும் வரவில்லை. என் தங்கைக்குத் தக்காளி ஆகாது, பருப்பு வடை ஒன்றும் செய்யாது. இதனால்தான் யாரோ அனுப்பிய "சாப்பிடக் கூடாத இருபது" பட்டியலை நம்புவதைவிட, ஒரு கொப்பியில் இரண்டு கிழமை நீங்களே எழுதுவது மேல் என்கிறேன்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது. பயந்து பயந்து எல்லாவற்றையும் விட்டு, பாணும் தேத்தண்ணியுமாக மெலிந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை. காயம் ஆறப் புரதமும் மரக்கறியும் வேண்டும்.

நோன்பு, விரதம் பற்றியும் ஒரு வார்த்தை. எரிவு கடுமையாக இருக்கும் காலத்தில் விரதம் பிடிக்கலாமா என்பதை டொக்டரிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள். பிடிப்பதாக இருந்தால், நோன்புக் கஞ்சியால் துறக்கிற வழக்கம் வயிற்றுக்கு மிகப் பொருத்தமான ஒன்று, நீண்ட நேரம் வெறுமையாக இருந்த இரைப்பைக்கு அதைவிட மென்மையான முதல் உணவு கிடைக்காது. அதற்குப் பின்னால் வரிசையாக வருகிற சமோசாவும் கட்லட்டும்தான் சிக்கல். கந்தசஷ்டி விரதக்காரர்கள் நாள் முழுக்கத் தேத்தண்ணியில் ஓட்டுவதற்குப் பதில் இளநீர், பழம், பால் என்று பிரித்து எடுக்கலாம்.

மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் எடுக்க வேண்டும், சாப்பிட்டு முடித்துவிட்டு எடுத்தால் அதன் பலன் குறையும். அதையே வருடக்கணக்காகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பதும் சரியில்லை, காரணம் என்ன என்று பார்க்காமல் தீயை மட்டும் மூடி வைத்தது போலாகும். கிருமிப் பரிசோதனை செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த மாத்திரையை இரண்டு கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

இனி வருவதை வடிவாக வாசியுங்கள். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால், வாந்தியில் இரத்தமோ கோப்பித் தூள் மாதிரியோ வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறவர்களுக்கு மலம் கறுப்பது வழமை, ஆனாலும் சந்தேகம் என்றால் காட்டுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கக் கஷ்டம், விடாத வாந்தி, இரத்தம் குறைந்த வெளிறல், 55 வயதுக்குப் பிறகு முதல் தடவையாக வந்த எரிவு, இவற்றை எந்தக் கஞ்சியாலும் ஆற்றப் பார்க்கக் கூடாது.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ போவது, கூடவே வியர்வை, மூச்சு வாங்கல் என்றால் "கேஸ்தான், ஒரு சோடா குடி" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாரடைப்பு பல வேளை கேஸ் மாதிரியே வேஷம் போடும், நீரிழிவு உள்ளவர்களிடமும் பெண்களிடமும் இன்னும் மறைவாக வரும். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அப்படி அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று கிழமை நேரத்துக்குச் சாப்பிட்டும் எரிவு குறையவில்லை என்றால் டொக்டரிடம் போங்கள், தேசிய வைத்தியசாலையின் ஓபிடியில் காசு கேட்க மாட்டார்கள், வரிசைதான் நீளம். போகும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள். கடைசிப் பக்கத்தில், கடந்த மூன்று மாதத்தில் போட்ட எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள், தலையிடிக்கு யாரோ கொடுத்த ஒன்று என்றாலும், நாட்டு மருந்து என்றாலும். என் டைக்ளோஃபெனாக் கார்டை ஒரு டொக்டர் அந்தப் பக்கத்தில்தான் கண்டுபிடித்தார்.